மார்ச்சில் ஃபோர்ட் கார்னி: கிரேன் பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹாவிலிருந்து மேற்கே ஐ-80 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் கார்னி என்ற ஊர் வரும். டென்வருக்குப் போகிறவர்கள் அங்கே பெட்ரோல் போட்டு, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன். ஊருக்குத் தென்கிழக்கே, பிளாட் ஆற்றை ஒட்டி, ஃபோர்ட் கார்னி ஸ்டேட் ரெக்ரியேஷன் ஏரியா இருக்கிறது. மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் ஊறிச் சின்னச் சின்ன ஏரிகளாக நிற்கும் இடம். கோடையில் மீன் பிடிக்கவும் குளிக்கவும் கூடாரம் போடவும் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம்வரை அந்த இடமே வேறு. டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் குளிர்காலத்தைக் கழித்த சேண்ட்ஹில் கிரேன் என்ற பறவைகள் கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும், சில சைபீரியாவுக்கும்கூட, முட்டையிடப் போகிற வழியில் இங்கே இறங்குகின்றன. கார்னிக்கு இரு பக்கமும் சுமார் 80 மைல் நீளமுள்ள ஆற்றில் ஒரே பருவத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள். உலகத்தில் உள்ள சேண்ட்ஹில் கிரேன்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சின்ன இடத்தில் வந்து மூன்று நான்கு வாரம் தங்கித் தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு போகிறது.

கிரேன் என்றால் கொக்குதானே என்று கேட்பீர்கள். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வேறு குடும்பம். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மாவைக் கூட்டிப்போனபோது, முதல் கூட்டம் தலைக்கு மேலே போனதுமே அம்மா கண்டுபிடித்துவிட்டார்: "கொக்குன்னு சொன்னியே, இது கழுத்தை நீட்டிக்கிட்டுல்ல பறக்குது." சரியான அடையாளம் அது. கொக்கு கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். கிரேன் கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நேராக நீட்டி, வரைந்த கோடு மாதிரிப் பறக்கும். மூன்று நான்கு அடி உயரம், விரித்தால் ஐந்து ஆறு அடி இறக்கை, சாம்பல் நிறம், நெற்றியில் சிவப்பாக ஒரு திட்டு. கொக்கு என்று எழுதினால் வேறு பறவை கண்ணுக்கு முன் வந்துவிடும் என்பதால் கிரேன் என்றே எழுதுகிறேன்.

முதல்முறை நான் செய்த தவறு காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு காலியாக இருந்தது. மணல்திட்டு, ஓடுகிற தண்ணீர், காற்று, அவ்வளவுதான். இந்தப் பறவைகள் பகலெல்லாம் மக்காச்சோளக் காட்டில் மேய்ந்துவிட்டு இரவுக்கு மட்டும் ஆற்றுக்கு வருகின்றன. அதனால் காலையில் இருட்டில் ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்துக்குப் போக வேண்டும், மாலையில் இருட்டிய பிறகு பாலத்திலிருந்து திரும்ப வேண்டும். பயணத் திட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் இதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மாலையும் ஒரு காலையும் கிடைக்கிற மாதிரி குறைந்தது ஓர் இரவு தங்க வேண்டும்.

எந்த வாரம்

மார்ச் மூன்றாவது, நான்காவது வாரங்கள்தான் உச்சம். மாதத் தொடக்கத்திலும் நிறையப் பறவைகள் இருக்கும், கூட்டம் குறைவு, குளிர் அதிகம். வார நாளில் லீவு கிடைத்தால் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை பாலத்தில் தோளோடு தோள் உரச நிற்க வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கில் இரண்டு சிக்கல் உண்டு. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. அதற்கு முந்தின நாட்களில் ஏழு மணி வாக்கில் உதிக்கிற சூரியன், அந்த ஞாயிறிலிருந்து எட்டு மணியை நெருங்கி உதிக்கும். மாத நடுவில் உதயம், அஸ்தமனம் இரண்டுமே ஏழே முக்கால் வாக்கில் இருக்கும். டென்வரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு மணி நேரம் வழியில் கழியும். கார்னி மத்திய நேரத்தில், டென்வரைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறது. நீங்கள் போகிற தேதிக்குக் கார்னியின் உதய நேரத்தைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறை, வழி, அனுமதி

கார்னியில் நெடுஞ்சாலை ஓரமாகவே ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. இருந்தாலும் மார்ச் வார இறுதிகளுக்கு அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கிழக்கே நாற்பது மைல் தூரத்தில் உள்ள கிராண்ட் ஐலண்டில் தேடலாம். ஆனால் விடியலுக்கு முன் அந்தத் தூரத்தை ஓட்டி வர வேண்டும்.

ரெக்ரியேஷன் ஏரியாவிலேயே கரன்ட் வசதியோடு முகாம் இடங்கள் உண்டு, மாநிலப் பூங்காக்களைக் கவனிக்கும் நெப்ராஸ்கா கேம் அண்ட் பார்க்ஸ் துறையின் தளத்தில் முன்பதிவு செய்யலாம். மார்ச்சில் கூடாரம் போடுவதை நான் புதியவர்களுக்குச் சொல்லமாட்டேன். ராத்திரி உறைநிலைக்குக் கீழே சர்வசாதாரணமாகப் போகும், குளிர்காலத்தில் முகாம்களில் குழாய்த் தண்ணீரை நிறுத்தி வைப்பதும் வழக்கம். ஆர்.வி. (படுக்கை வசதியுள்ள வண்டி) வைத்திருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம், குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

வழி சுலபம். ஒமாஹா, லிங்கன் பக்கமிருந்து வந்தால் ஐ-80இல் 279ஆவது எக்சிட்டில் இறங்கி, 10ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி ஆற்றைத் தாண்டுங்கள். பிறகு எல்-50ஏ சாலையில் மேற்கே திரும்பினால் பலகைகள் வழிகாட்டும். கார்னி ஊருக்குள் தங்கினால் 272ஆவது எக்சிட்டிலிருந்து 44ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய், அதே எல்-50ஏவில் கிழக்கே வர வேண்டும். பக்கத்திலேயே ஃபோர்ட் கார்னி ஹிஸ்டாரிக்கல் பார்க் என்று இன்னோர் இடமும் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஜிபிஎஸ் பலரை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பாலம் இருப்பது ரெக்ரியேஷன் ஏரியா பக்கம். பெயரை முழுசாகத் தட்டுங்கள்.

காருக்குப் பார்க் பெர்மிட் கட்டாயம். இணையத்திலேயே வாங்கலாம். அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகிற சீட்டும் உண்டு, வருஷச் சீட்டும் உண்டு. வருஷச் சீட்டு நெப்ராஸ்காவின் எல்லா மாநிலப் பூங்காவுக்கும் ரெக்ரியேஷன் ஏரியாவுக்கும் செல்லும். நெப்ராஸ்காவில் இருப்பவர்கள் வருஷச் சீட்டையே வாங்கிவிடலாம், கோடையில் ஏரிக்குப் போகும்போது பயன்படும். வெளிமாநில நம்பர் பிளேட் என்றால் கட்டணம் கூடுதல். பாலத்துக்குத் தனி முன்பதிவு கிடையாது. அதுதான் இந்த இடத்தின் பெரிய அருமை.

முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மறைவிடத்துக்குள் உட்கார்ந்து பார்க்க விரும்பினால் கிப்பன் ஊருக்குத் தெற்கே ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் ரோ சாங்சுவரி (சரணாலயம்) இருக்கிறது. காசு கொடுக்க வேண்டும், இடம் குளிர்காலத்திலேயே நிரம்பிவிடும். பறவைகள் மிக அருகே இருக்கும். ஆனால் முதல்முறைக்குப் பாலமே போதும் என்பது என் கருத்து. அங்கே தலைக்கு மேலே நாலு பக்கமும் வானம் திறந்திருக்கிறது.

பையில் என்ன இருக்க வேண்டும்

நெப்ராஸ்காவின் மார்ச் நம்ப முடியாத மாதம். ஒரு நாள் டீ சட்டையோடு நின்றிருக்கிறேன், மறு நாள் கைவிரல் மரத்துப்போய் பைனாகுலரைத் திருப்ப முடியவில்லை. 2019 மார்ச் நடுவில் பனிப்புயலும் வெள்ளமும் சேர்ந்து வந்து மாநிலம் முழுக்கச் சாலைகளும் பாலங்களும் போயின. கிளம்புகிற அன்று காலையில் வானிலையையும் சாலை நிலவரத்தையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். நெப்ராஸ்காவில் 511க்குக் கூப்பிட்டால் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பாலத்தின் மேல் காற்றுக்கு மறைப்பே கிடையாது. ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்கப் போகிறீர்கள், அதனால் நடக்கும்போது போதும் என்று தோன்றுகிற உடுப்பு போதாது. உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் கனமான ஜாக்கெட், காது மூடுகிற குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ். ஜாக்கெட் கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று மங்கின நிறத்தில் இருக்கட்டும். கையை அசைக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் போடுகிற நைலான் ஜாக்கெட் வேண்டாம். இருட்டில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று அங்கே நின்றால்தான் தெரியும்.

8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. வாங்க வேண்டாம், ஆபீசில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், நிச்சயம் ஒருவர் வைத்திருப்பார். டார்ச்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். காமிரா கொண்டுபோனால் ஃபிளாஷை வீட்டிலேயே அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா என்று ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள். போனில் ஆட்டோ ஃபிளாஷ், ஃபோகஸுக்கு எரிகிற சின்ன விளக்கு, ஷட்டர் சத்தம், திரை வெளிச்சம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஆட்கள் சிரமப்படுவது காலையில்தான். ஐந்தரை மணிக்கு ஓட்டலில் காலை உணவு திறந்திருக்காது, பறவை பார்த்துவிட்டுத் திரும்பும்போது மூடியிருப்பார்கள். முந்தின நாளே புளியோதரையோ இட்லியோ கட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது கட்டாயம். ஆனால் டப்பாவைப் பாலத்தில் திறக்காதீர்கள், காருக்கு வந்து சாப்பிடுங்கள்.

முதல் நாள் மாலை

மாலையை முதலில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால், மறுநாள் கும்மிருட்டில் கார் எங்கே நிறுத்துவது, பாதை எங்கே திரும்புகிறது என்று தடுமாற மாட்டீர்கள்.

நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள். நேரம் இருந்தால் ஹிஸ்டாரிக்கல் பார்க்கை அரை மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம். 1848இல் அமைத்த ராணுவக் கோட்டை அது. ஆரிகன் பாதையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன குடும்பங்கள் இங்கேதான் நின்று இளைப்பாறி, மாவும் உப்பும் வாங்கிக்கொண்டு போயின. அதற்கும் முன்னால் இது பானி என்ற பூர்வகுடி மக்களின் மண். ரயில் வந்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமல் போய் 1871இல் மூடிவிட்டார்கள். கோட்டைப் பெயரில் இல்லாத ஓர் எழுத்து ஊர்ப் பெயரில் அதிகமாக இருப்பதைப் பலகைகளில் பார்ப்பீர்கள். தபால் துறையில் நேர்ந்த எழுத்துப் பிழை அது, அப்படியே நிலைத்துவிட்டது.

அப்புறம், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது பாலத்துக்குக் கிளம்புங்கள். கார் நிறுத்தத்திலிருந்து சமதளப் பாதையில் கொஞ்ச நேர நடை. பழைய ரயில் தடத்தை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள், ரயில் பாலம் நடைபாலமாகிவிட்டது. நடுப்பகுதிக்குப் போய் மேற்குப் பக்கக் கைப்பிடியில் இடம் பிடித்துவிடுங்கள். சிவந்த வானத்தில் பறவைகள் கரிக்கோடாகத் தெரிவது அந்தப் பக்கம்தான்.

ஆற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிளாட் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது, தட்டை என்று அர்த்தம். அகலம் ஒரு மைல், ஆழம் ஒரு அங்குலம் என்று பழைய பயணிகள் இந்த ஆற்றைப் பற்றிச் சொல்வார்கள். பல கிளையாகப் பிரிந்து மணல்திட்டுகளுக்கிடையே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும். கிரேன்களுக்கு வேண்டியதும் அதுதான். இரவில் அந்தத் தண்ணீரில் நின்றபடியே தூங்குகின்றன. கயோட்டி எனும் ஓநாய் இன விலங்கு வந்தால் தண்ணீர் சளசளக்கும், கேட்டதும் எழும்பிவிடலாம். கரையில் மரமில்லாமல் நாலாபுறமும் தெரிய வேண்டும் என்பதும் இதற்காகவே.

அந்த மாதிரி ஆறு இப்போது கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. மேற்கே பெரிய பெரிய அணைகள் கட்டி, பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பியதில், வெள்ளம் வந்து மணலைப் புரட்டிப்போடுவது நின்றுபோனது. அவற்றில் ஒன்றான கிங்ஸ்லி அணை 1941இல் முடிந்தது. திட்டுகளில் மரம் முளைத்து ஆறு குறுகியது. எஞ்சியிருக்கிற திறந்த பகுதியைக் காப்பாற்றப் பாதுகாப்பு அமைப்புகள் வருஷாவருஷம் மரம் வெட்டித் திட்டுகளை உழுது வைக்கின்றன. முன்பு ஆறு நெடுக விரவியிருந்த பறவைகள் இந்த 80 மைலுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரே திட்டில் பத்தாயிரம் நிற்கும்போது ஒன்று பயந்தால் பத்தாயிரமும் எழும். வடக்கே போக உடம்பில் சேர்த்த கொழுப்பு அந்த அலைக்கழிப்பில் வீணாகும். பாலத்தில் அமைதியாக இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சூரியன் இறங்கும்வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. தூரத்தில் நூல் நூலாகக் கோடுகள் தெரியும். பலர் "இவ்வளவுதானா" என்று கிளம்பிவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிஷம், அரை மணி நேரம் ஆன பிறகு உண்மையான கூட்டம் வரும். கர்ர்ர் என்று தொண்டைக்குள் உருளுகிற ஒலி. அவற்றின் மூச்சுக்குழாய் நீளமாக மார்பெலும்புக்குள் சுருண்டு கிடக்கிறது, அதனால் அந்தக் குரல் மைல் கணக்கில் கேட்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து வரும்போது பாலத்தின் கைப்பிடி லேசாக அதிர்கிற மாதிரி இருக்கும். அதற்கு நடுவே குஞ்சுத்தனமாகக் கீச்சென்று ஒரு குரல் கேட்டால், அது போன கோடையில் பிறந்த குட்டி. அப்பா அம்மாவுக்கு இடையில்தான் அது பறந்துகொண்டிருக்கும்.

இறங்கும்போது இறக்கையைக் குழித்து, காலைத் தொங்கவிட்டு, பாராசூட் மாதிரி மெதுவாக இறங்கும். முழுக்க இருட்டிய பிறகு, அவசரப்படாமல், டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு திரும்புங்கள். கார்க் கதவை அறையாதீர்கள்.

விடியுமுன்

உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பாலத்தில் நிற்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். பறவைகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன, ஒருவேளை பாலத்துக்கு மிக அருகிலேயே. தாமதமாக வந்து தடதடவென்று பலகையில் நடந்தால் அவற்றை எழுப்பிவிடுவீர்கள், முன்னால் வந்து காத்திருப்பவர்களின் காலைப்பொழுதும் வீணாகிவிடும். காலை அடி அடியாக வையுங்கள். பேச்சு வேண்டவே வேண்டாம், கிசுகிசுப்புகூட. போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

முதலில் ஒன்றும் தெரியாது. கீழே எங்கேயோ முணுமுணுப்பு மாதிரி ஒலி இருக்கும். கொஞ்சம் வெளுத்ததும் ஆற்றின் நடுவே நீளமாக ஒரு சாம்பல் திட்டு தெரியும். மணல் என்றுதான் நினைப்பீர்கள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்த மணலுக்குக் கழுத்து முளைக்கும். அத்தனையும் பறவை. பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தால், ஒன்று ஒற்றைக் காலில் நின்று அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியிருக்கும். காலைச் சுற்றித் தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி விளிம்பு கட்டியிருக்கும். பக்கத்தில் ஒன்று விழித்துக்கொண்டு இறக்கையைச் சிலிர்த்து, நனைந்த சோளத் தட்டை ஒன்றை அலகால் எடுத்து மேலே எறிந்து, தாவிக் குதிக்கும். அதைப் பார்த்து அடுத்ததும் தலையைத் தாழ்த்திக் குதிக்கும். ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சேர்ந்தே இருக்கிற பறவைகள் இவை.

ஒரு வருஷம் இப்படி நின்றுகொண்டிருந்தபோது பாலத்தின் அந்தக் கோடியில் யாரோ ஒருவருடைய போன் ஃபிளாஷ் மின்னியது. ஒரே நொடி. இரண்டு திட்டுகள் முழுதும் அலறிக்கொண்டு எழுந்து போயின. உதயத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எங்களோடு நின்றிருந்த ஒரு பெரியவர், ஊன்றுகோலோடு இருட்டில் அவ்வளவு தூரம் நடந்து வந்தவர், வெறும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபிளாஷைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அவர்தான் காரணம்.

ஒன்றும் தொந்தரவு இல்லையென்றால் உதயத்துக்குப் பிறகும் ஒரு மணி நேரம், குளிர் அதிகமென்றால் இன்னும் கூடுதலாக, ஆற்றிலேயே இருக்கும். கழுகு ஒன்று மேலே வட்டமிட்டால் மொத்தமாக எழும்பும். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

பகலில்

ஒன்பது, பத்து மணிக்கு மேல் எல்லாம் சோளக்காட்டில் இருக்கும். அறுவடையில் சிந்திய சோளம்தான் முக்கிய உணவு. ஈரப் புல்வெளிகளில் புழு, நத்தை, பூச்சி பொறுக்கும். ஆற்றுக்குத் தெற்கே உள்ள சரளைச் சாலைகளில் மெதுவாகக் காரை ஓட்டிப் பாருங்கள். காரை விட்டு இறங்க வேண்டாம். காரைக் கண்டு அவை பயப்படுவதில்லை, கதவு திறந்து மனிதன் இறங்கினால் நகர்ந்துவிடும். தின்றுகொண்டிருந்த பறவைகள் ஒரே சமயத்தில் தலை தூக்கினால் நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். சாலையின் நடுவே வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் டிராக்டர் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் யாரோ ஒருவருடைய நிலம்.

சில பறவைகள் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாக இருக்கும். வேறு இனம் இல்லை. இரும்புச்சத்துள்ள சேற்றை அலகால் எடுத்துச் சிறகில் பூசிக்கொள்வதால் வரும் நிறம் அது.

இந்தச் சாம்பல் கூட்டத்துக்கு நடுவே ஐந்தடி உயரத்தில் தூய வெள்ளையாக ஒன்று நின்றால், இறக்கை விரிக்கும்போது நுனி கறுப்பாகத் தெரிந்தால், அது ஹூப்பிங் கிரேன். 1941இல் காட்டில் இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தன. இப்போது இந்த வழியாகப் போகும் காட்டுக் கூட்டத்தில் 500க்கு மேல் உண்டு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஒன்றிரண்டு இங்கே இறங்கும். கறுப்பு நுனி பனி வாத்துக்கும் வெள்ளைப் பெலிக்கனுக்கும்கூட உண்டு, அதனால் கால் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கண்டுவிட்டால் நெருங்காதீர்கள், இருந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

தரையில் கிடக்கும் இறகைக் குழந்தைகள் ஆசையாக எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. வலசைப் பறவைகளுக்கான 1918ஆம் வருஷச் சட்டப்படி இறகு வைத்திருப்பதே குற்றம். செத்த பறவையைக் கண்டால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் பயம் உண்டு.

குழந்தைகளும் பெரியவர்களும்

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விடியற்காலைப் பாலத்துக்குக் கூட்டிப்போவதை நான் ஆதரிக்கமாட்டேன். பசி, குளிர், தூக்கம், அழுகை, அவர்களுக்கும் கஷ்டம், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கஷ்டம். மாலையில் மட்டும் கூட்டிப்போங்கள். அல்லது கிப்பனுக்குத் தெற்கே ஆற்றுப் பாலத்தை ஒட்டியும், கிழக்கே ஆல்டா ஊருக்குத் தெற்கேயும் மேடை கட்டியிருக்கிறார்கள். காரை நிறுத்தினால் நாலு எட்டில் மேடை. குளிர்ந்தால் உடனே காருக்குள் வந்துவிடலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் அதுவே நல்லது. நாய் வளர்ப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

என் அம்மாவுக்கு முட்டிவலி. மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தின் ஓரத்தில் போட்டோம். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலியை விரிக்கும்போது கிரீச்சிடும், அதனால் இருட்டில் வேண்டாம், காருக்குப் பக்கத்திலேயே விரித்துத் தூக்கிப்போங்கள்.

திரும்பும்போது

கிழக்கே போகிறவர்கள் 305ஆவது எக்சிட்டில் இறங்கி ஆல்டாவில் உள்ள கிரேன் டிரஸ்ட் மையத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே பிரெய்ரி புல்வெளியில் நடைபாதை இருக்கிறது, பைசன் எனும் காட்டுமாட்டு மந்தையும் உண்டு. மார்ச்சில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும், பார்க்க ஒன்றும் இல்லாத மாதிரித் தோன்றும். அந்தப் புல்லின் வேர் ஆள் உயரத்துக்கும் ஆழமாகக் கீழே இறங்கியிருக்கிறது. பெரிய புளூஸ்டெம் எனும் வகை ஆகஸ்டில் நம் தலையைத் தாண்டி நிற்கும். பைசன் மந்தை தூரத்தில் மேய, நடுவே கிரேன்கள் நடந்துபோவதைப் பார்த்தால், உழுவதற்கு முன் இந்தச் சமவெளி எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு தெரியும்.

ஏப்ரல் முதல் வாரத்தில்தான் லீவு கிடைக்கிறது என்றால், அன்றைய காற்றைப் பாருங்கள். வெயில் நன்றாகக் காய்ந்து தெற்கிலிருந்து காற்று அடித்தால், பகல் பதினோரு மணி வாக்கில் வயலில் இருந்த பறவைகள் எழும்பி, இறக்கையே அசைக்காமல், சூடான காற்றில் வட்டம் வட்டமாகச் சுற்றி மேலே ஏறும். கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். புள்ளியாகி, அப்புறம் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும், அதுவும் வடக்கே தேய்ந்துபோகும். அன்று மாலையும் பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். முந்தின நாள் சாம்பல் நிறத்தில் கிடந்த திட்டுகள் வெறும் மணல் நிறத்தில் இருக்கும், ஈரத்தில் மூன்று விரல் கால்தடம் நெருக்கமாகப் பதிந்திருக்கும்.